படையலில் ஒரு இறைச்சியுருண்டை சாண்ட்விச்

செவ்வாய், நவம்பர் 12

காலையிலிருந்து தூறல். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. இத்தனை வருடமும் அதிர்ந்திருக்கும். இப்போதுதான் கேட்கிறது.

ஒழுங்காக எழுதினால் தலை கொஞ்சம் ஓடும். பார்க்க வேண்டியவை:

1. இ.உ.சா. (இறைச்சியுருண்டை சாண்ட்விச்) எங்கிருந்து வந்தது
2. அதில் என்னென்ன
3. சத்து. ரமணனின் இருதயத்துக்கு அது என்ன செய்தது
4. மாட்டிறைச்சி இல்லாமல் செய்ய முடியுமா
5. முடியாவிட்டால் மனோவிடம் எப்படிச் சொல்வது

காரணம்: சனிக்கிழமை ரமணனுக்கு எட்டுச் செலவு, இருதயம் நின்ற எட்டாம் நாள். அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும். கதவைச் சாத்தி அவன் உண்ண விட வேண்டும். பிறகு திறந்து, எல்லாரும் அதையே பகிர்ந்து சாப்பிட வேண்டும். மச்சம், மாமிசம் எல்லாம் வைக்கலாம். மாடு மட்டும் எந்தக் காலத்திலும் இல்லை.

மனோ சொல்லச் சொல்ல, அவளுடைய தம்பி, என் மச்சான் சிவபாதம் போனில் எழுதிக்கொண்டான். நண்டுக் கறி, இறால் பொரியல், கணவாய், மட்டன் ரொல்ஸ், பயத்தம் பணியாரம். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று. கேட்டிருந்தால் ஒன்றுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

பின்னேரம் கீதன் வந்து போனான். ரமணனின் சிநேகிதன், ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தடியில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. வழியனுப்பப் போனேன். படியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். வியாழன்தோறும் வேலை முடிய ரமணன் அவனிடம் போய் இந்தச் சாண்ட்விச் சாப்பிடுவானாம். அதைப்போல வேறொன்றும் அவனுக்குப் பிடிக்காதாம்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அங்கிள். மாடு. வீட்டிலை தெரிஞ்சா அம்மா என்ரை சாப்பாட்டுக் கோப்பையை வேறையாக்கிப் போடுவா எண்டு பகிடி விடுவான்."

நாற்பத்தொரு வயது மகன். ஒரே வீடு, ஒரே மேசை. அவனுக்கு மிகவும் பிடித்தது என்னவென்று மாடிப்படியில் நின்று கேட்டு அறிகிறேன்.

புதன், 13

மழை விட்டிருக்கிறது. குளிர். மெரியில், நகரசபையில், இறப்புச் சான்றிதழின் பிரதிகள் வாங்கினேன். அங்கிருந்து கீதனின் கடைக்கு. மதியக் கூட்டம் முடிந்து அவன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். கேட்டு எழுதியது:

1. இத்தாலியச் சாப்பாடு என்றே நினைத்திருந்தேன். பாதிதான் சரியாம். அங்கே உருண்டை சிறியது. தட்டில் தனியே வைத்துச் சாப்பிடுவார்கள். பிழைக்க அமெரிக்கா போன ஏழைகள்தான் உருண்டையைப் பெரிதாக்கினார்களாம். ஊரில் இறைச்சி கண்ணில் காண்பதே அரிது. போன இடத்தில் மலிவு. வேலைக்குக் கொண்டுபோகப் பாணுக்குள் வைத்தார்கள். இது கீதனின் முதலாளி சொன்ன கதை. எவ்வளவு உண்மையோ. உருண்டை பிடிப்பது எல்லாச் சனத்துக்கும் தெரிந்ததுதானே.

2. அரைத்த மாட்டிறைச்சி, பாலில் ஊறிய பழைய பாண், முட்டை, உள்ளிப்பூண்டு, துருவிய சீஸ், பார்ஸ்லி, மிளகு, உப்பு. பொரித்துத் தக்காளிச் சோஸில் கொதிக்க விடுவது. நீளப் பாணைப் பிளந்து உருண்டைகளை அடுக்கி, மேலே சீஸ் போட்டு ஓவனில் உருக வைப்பது. நமது கட்லட்டில் பாண் தூள் வெளியே, உருளைக்கிழங்கு உள்ளே. இங்கே பாண் உள்ளே. மாப்பொருள் நீரைப் பிடித்து வைப்பதால் உருண்டை மெதுமையாக இருக்கும். இதை யாருக்குப் படிப்பிக்கிறேன்?

4. ஆட்டிறைச்சியில் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

"செய்யலாம் அங்கிள். ஆனா அது ரமணன் சாப்பிட்டதில்லை."

வெளிக்கிடும்போது கேட்கக் கூடாததைக் கேட்டேன். இதனால்தானா செத்தான் என்று. கீதன் கத்தியை வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பினான். "கிழமைக்கு ஒண்டு, அங்கிள்," என்றான். கண் கலங்கியிருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பதென்று யோசிப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன்.

3. வீட்டுக்கு வந்து நானாக எழுதியது. புரதம், இரும்பு, பி12 நிறைய. கொழுப்பும் நிறைய. உப்பு அதிகம்: இறைச்சியில், சீஸில், சோஸில், பாணில் என்று நாலு பக்கத்தாலும் சேர்கிறது. இருதய நோயாளிக்குக் கூடாது. அவனுக்கு நோய் இருந்தது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பதும் தெரியாது.

வியாழன், 14

அவன் கீதனிடம் போகிற நாள்.

மனோ அவனுடைய ஜக்கெட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். இன்று சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போய் நின்றேன். "இஞ்சேரும்," என்றேன். நிமிர்ந்தாள். குழாய் ஒழுகுகிறது போல, ஆளைக் கூப்பிடவா என்று கேட்டேன். குழாய் ஒழுகவில்லை.

சிவபாதம் புறநகர் சார்செலிலிருந்து போன் எடுத்தான். சாமான்கள் வாங்கியாயிற்றாம். "ஒண்டும் குறையக் கூடாது அத்தான். ஆசைப்பட்டது குறைஞ்சா ஆத்துமா அலையும்," என்றான். ஓம் என்றேன்.

படைத்ததில் செத்தவர்கள் ஆவியைத்தான் எடுப்பார்களாம். அப்படியானால் சாண்ட்விச் சூடாக வர வேண்டும். அப்படியானால் புரதம் எதற்கு, இரும்பு எதற்கு? செத்தவனுக்குச் சத்துக் கணக்குப் பார்க்கிறேன்.

நான் வேதியியல் படிப்பித்தவன். ஆவி என்றால் நீராவி. அவன் வந்து இலையைப் பார்த்து, தேடியது இல்லாமல் திரும்பிப் போவான் என்பதை நம்பவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. இலை முன்னால் குனிந்து தேடுகிற முதுகு. இரண்டு நாளாக இதே.

முடிவு: மாடுதான். ஆட்டிறைச்சி என்று சொல்லி வைப்பது. கதவு திறந்ததும் யாரும் தொட முன்னர் எடுத்து ஒளிப்பது.

வெள்ளி, 15

மரக்கறிச் சாப்பாடு. வெயில். முடிவு சரியா? தெரியாது.

சனி, 16

விளக்கு வைக்கிற நேரம் கீதன் ஓடி வந்தான். ஈயத்தாள் கையைச் சுட்டது. இலையில் நண்டுக்கும் ரொல்ஸுக்கும் நடுவே வைத்தேன்.

மனோ என்னவென்று கேட்டாள். ரமணனுக்குப் பிடித்த சாண்ட்விச், ஆட்டிறைச்சி என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

கதவைச் சாத்தினோம். நடைபாதையில் நெருக்கியடித்து நின்றோம். யாரோ ஒரு குழந்தை பிரெஞ்சில் ஏதோ கேட்க, தாய் வாயைப் பொத்தினாள். திறந்தபோது சாண்ட்விச்சில் ஆவி இல்லை. ஆறிவிட்டது, வேறொன்றும் இல்லை.

நான் குனிய முன்னர் சிவபாதம் இலை முன்னால் குந்திவிட்டான். பகிர்வது அவன் வேலை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால் மட்டும் குடித்து விரதம் இருந்தவன்.

"இதை நான் எடுக்கிறன் அத்தான். மருமோன் ஆசைப்பட்டது."

கை அதற்கு மேலே போய்விட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது. சுவரோரம் நின்ற கீதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை விடும் சிவபாதம். மாடு."

கை அப்படியே நின்றது.

"படையலிலையோ அத்தான்? படிச்ச மனுசன்," என்றான். பலமாகச் சொல்லவில்லை.

மனோ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கீதனைத்தான் கேட்டாள்.

"வியாழனிலை உம்மட்டை எண்டு போறவன், இதையோ தம்பி சாப்பிடுறவன்?"

"ஓம் அம்மா."

தம்பியை ஒருபக்கம் அரக்கிவிட்டு இலை முன்னால் குந்தினாள். இரண்டு கையாலும் எடுத்தாள். சிவபாதம் "அக்கா" என்றான். கடித்தாள். சோஸ் மணிக்கட்டில் வழிந்தது. நெடுநேரம் மென்றாள். துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். விழுங்கினாள்.

"உப்புக் காணாது," என்றாள். "உப்பில்லாமல் என்னெண்டு சாப்பிட்டவன்?"

கீதன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அவன்தான் அம்மா உப்புப் போட விடுறேல்லை. அவனுக்கெண்டு புறம்பாச் செய்யிறது. அப்பா உப்பைக் குறைக்கச் சொன்னவராம்."

எப்போது சொன்னேன்? நினைவில்லை. மேசையில் எத்தனையோ சொல்லியிருப்பேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருப்பான்.

மனோ மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். ஒரு வாய் வைத்தேன். 3ஆவது குறிப்பில் உப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறேன். பிழை.