கல்லா எண் கேட்ட ஆய்வு

சின்னு,

உன் அறிக்கை பொய் சொல்கிறது, அதன் கீழே உன் பெயர் இருக்கிறது. இதை முதலில் எழுதாவிட்டால் நலம் விசாரித்தே தாளை நிரப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் விட்டது, எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது, அது உன்னுடன் போனில் கத்தியதால். நீ அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன் அறிக்கை கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் செய்தது என்று மார்தட்டிக்கொண்டு வணிக நிர்வாக வகுப்பில் திரையில் போட்டேன். இங்கே ஒரு பெரிய கடையில் பில் போடும் பெண்களின் நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், அதனால் கால்வலி கூடியதா என்று உன் கம்பெனியிடம் கேட்டார்கள், நீ அங்கிருந்தே வினாத்தாள் அனுப்பி, சோதித்துப் பார்த்து, நிற்பதால் பாதிப்பில்லை என்று முடித்திருந்தாய். அப்போது பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். மாலையில் அதே கடையில் பில் போடுகிறவள். "மிஸ், இந்தத் தாளை நானும்தான் எழுதிக் கொடுத்தேன். பேர் வேணாம்னு மேல போட்டிருந்துச்சு, கீழ கல்லா நம்பர் கேட்டிருந்துச்சு. ஒரு கல்லாவுக்கு ஒருத்திதானே மிஸ்? தாளை வாங்கிட்டுப் போனது சூப்பர்வைசர். வலிக்குதுன்னு எழுத எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. நான் திரையை அணைக்கவில்லை சின்னு. உன் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்துப் போட்டேன். வலி தாங்காமல் வேலையை விட்டுப் போனவர்களை நீ கேட்கவே இல்லை, தாங்கிக்கொண்டு நிற்கிறவர்கள் மட்டும்தான் உன் ஆய்வின் மாதிரிக்குழு. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்ற கணக்கு, போட்டிருக்கிறாய், அது வலி துளியும் கூடவில்லை என்பதில் தொடங்கி இரண்டு மடங்கானது என்பது வரை நீள்கிறது. அவ்வளவு அகலமான மதிப்பீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்றுதானே எழுத வேண்டும்? வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் வேறு வேறு என்று இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீயும் தலையாட்டினாய்.

போனில் என்ன சொன்னாய்? "பில் போடுற வேகத்தோட சேர்த்துப் பார்க்கத்தான் கல்லா நம்பர் கேட்டேன், வேற எதுவும் நினைக்கலம்மா. கிளையன்ட் கேட்டதைக் கொடுத்தாச்சு, விடும்மா." நினைக்காமல் விட்டதுதான் தப்பு. ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியைக் கேட்டால் வருவது பயத்தின் அளவு, வலியின் அளவு அல்ல. அதை வைத்து எந்தக் கருதுகோளைச் சோதித்தாய்? இப்போது நிற்பதால் பாதிப்பில்லை என்ற உன் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம், அடுத்த மாதம் மற்ற கிளைகளிலும் நாற்காலியை எடுக்கப் போகிறார்களாம்.

எங்கள் முதல்வர் கூப்பிட்டு, "அந்தக் கடைக்காரங்க நம்ம பசங்களுக்கு வேலை தர்றவங்க மேடம், வேற உதாரணம் எடுங்களேன்" என்றார். இதையே தேர்வில் கேள்வியாகக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆனதைப் பார்க்கட்டும். உன் அப்பா "பெத்த பொண்ணுக்கே முட்டை போடுறியே" என்று புலம்புகிறார். போடுவேன். பெற்றதற்காகக் கூட்டிப் போட மாட்டேன். பில் போடும் அந்தப் பெண் வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு முன்பெஞ்சுக் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், கணுக்கால் தெரியாத வீக்கம். உட்கார அவளுக்குக் கிடைக்கும் ஒரே இடம் என் வகுப்பு.

உன் வேலைக்கு ஆபத்து வரலாம், தெரிந்துதான் கீழே ஒன்று கேட்கிறேன். வந்தால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. நன்றாக இரு, நிமிர்ந்து இரு, உனக்கு ஒரு குறையும் வராது. காதை மூடாமல் வெளியே போகாதே.

உன்னைப் பெற்றவள், இன்னும் பாடம் நடத்துகிறவள்,
அம்மா

எனக்குச் சமாதானம் எழுதாதே. இந்த முடிவு செல்லாது, நாற்காலிகளைத் திரும்பப் போடுங்கள் என்று உன் பெயர் போட்டு அவர்களுக்கு எழுது. நகலை எனக்கு அனுப்பு.