இன்னும் ஒரு பிடி நீலம்

இன்று காலை குளித்துவிட்டு வந்தபோது என் முழங்கையில் நீலம் ஒட்டியிருந்தது. நம் பாத்ரூம் சுவரில் லேசாகச் சாய்ந்தாலும் போதும், ஆளைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது, அத்தை.

பின்கட்டில் அப்பா அந்தச் சின்ன அறையைக் கட்டி முடித்தபோது நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். எந்தச் சேலைக்கு எந்தப் பட்டுக் கத்தை என்று நிறம் பிரித்துத் தறிக்குக் கொடுப்பது நீங்கள். அப்பா உங்கள் தம்பி. நிறம் என்று வந்துவிட்டால் அவர் உங்களை மீறிப் பேசமாட்டார். பாத்ரூமுக்கு என்ன நிறம் என்பதையும் உங்களிடமே விட்டுவிட்டார்.

"ஐயம்பேட்டையில எங்க மாமியார் வூட்டு குளிக்கிற ரூம்ல ஒரு நீலம் இருக்கும் பாப்பா. வெயில் பட்டா தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்து நீலம். அதுதான் வேணும்."

டிஸ்டெம்பர் விலையைக் கேட்டுவிட்டு அப்பா வெறுங்கையோடு திரும்பினார். சரி, சுண்ணாம்பிலேயே கலந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. தறிக்காரர் வீட்டுப் புத்தி வேறு எங்கே போகும்? பட்டுக்குப் போட்டு மிஞ்சியிருந்த நீலச் சாயத்தைச் சுண்ணாம்பில் ஊற்றினோம். மறுநாள் பார்த்தால் சுவர் வெளுத்துப்போய் நிற்கிறது. "சுண்ணாம்பு தின்னுடுச்சி" என்று சிரித்தீர்கள். பட்டில் அவ்வளவு கெட்டியாக நிற்கும் சாயத்தைச் சுண்ணாம்பு எப்படித் தின்னும் என்று எனக்குப் பல நாள் யோசனை.

துணிக்குப் போடும் நீலப்பொடியை அது தின்னவில்லை. விலையும் கம்மி. வாங்கிவர என்னை அனுப்பினீர்கள். கடையில் நான் வாயைத் திறக்காமல் பொட்டலத்தைக் கைகாட்டி நிற்பேன். மூன்றாம் முறை போனபோது கடைக்காரர், "ஏம்மா, உங்க வூட்ல துணி துவைக்கிறீங்களா, ஊரையே துவைக்கிறீங்களா?" என்றார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சுண்ணாம்பு காய்ந்தால் நிறம் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நீங்கள், "வெள்ளையாவே இருக்குது, இன்னும் ஒரு பிடி போடு" என்றபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு அம்மா, "அண்ணி, குளிச்சிட்டு வந்தா கிருஷ்ணர் வேஷம் கட்டின மாதிரி இருக்குது" என்றாள். எனக்கே கண் கூசியது. நீங்களோ சுவருக்குக் கிட்டே போய், "இப்பதான் லேசா தெரியுது" என்றீர்கள்.

அந்த வாரம்தான் நீங்கள் பிரித்துவைத்த நீலக் கட்டுக்குள் ஒரு பச்சைக் கத்தையைப் பார்த்தேன். சத்தமில்லாமல் மாற்றிவைத்தேன். மறுநாள் இரண்டு இருந்தன. நான் பச்சையையும் நீலத்தையும் எடுத்து உங்கள் முன்னால் நீட்டி, "எது நீலம், அத்த?" என்றேன். வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள். பச்சையைத் தொட்டீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"உங்கப்பன்கிட்ட சொல்லிடாதடி. இந்த வேலையும் போச்சின்னா இந்த வூட்ல நான் என்னாத்துக்கு?"

மூன்று நாள் சொல்லவில்லை. கத்தைகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் அப்பா சாப்பிடும்போது வாசற்படியில் நின்று, "அத்தைக்கு நீலம் தெரியல" என்றேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், இடது கண்ணுக்கு அடுத்த வருஷம்.

தடிக் கண்ணாடி வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்ரூமுக்குப் போனீர்கள்.

"அடிப்பாவி, யாருடி இப்பிடி அள்ளிக் கொட்டினது?"

"நீங்கதான், அத்த."

பல நாள் கழித்து நாம் பேசிய முதல் பேச்சு அதுதான். நீங்கள் ஒரு கண்ணை மூடினீர்கள், பிறகு மற்றதை. "இந்தக் கண்ணுல நீலம் கொட்டுது. இந்தக் கண்ணுல டீத்தண்ணி. செவுரு ஒண்ணுதானேடி?" திரும்பத் திரும்ப மூடித் திறந்தீர்கள். அப்புறம் என்னைக் கேட்டீர்கள்: "உனுக்கு எப்பிடி தெரியுது?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மூலையில் கறுப்பாக, குழாய்க்கு மேலே வெளிர்ந்து, நனைந்த இடத்தில் கத்திரிப்பூ மாதிரி என்று என்னென்னவோ சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஐயம்பேட்டை நீலம் இது இல்ல. அது இதுல பாதிகூட இருக்காது" என்றீர்கள் கடைசியில். ஆனால் மாற்றிப் பூச அப்பா கிளம்பியபோது விடவில்லை. மறுநாளே இடது கண்ணை மூடிக்கொண்டு கத்தை பிரிக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

இடது கண்ணின் முறை வருவதற்குள் காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது கத்தை பிரிப்பது நான். நேற்று மயில்கழுத்து நிறத்தில் ஒன்று வந்தது. அப்பா நீலம் என்றார், அம்மா பச்சை என்றாள். முன்பென்றால் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கிறேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் ஒருவரே இருந்திருந்தால் இரண்டு பதில் கிடைத்திருக்கும், அத்தை. இடது கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.