சிமெண்டுக்கு அடியில்

பிப்ரவரி 3, செவ்வாய்

சபைக் கூடத்துக்கு மட்டும்தான் கூரை மிஞ்சியிருக்கிறது. நிவாரணச் சாமான் எல்லாம் அங்கேதான் வைக்கப் போகிறார்கள். சாவி என்னிடம். "கணக்குன்னா ஃபாத்தாய்தான்" என்று போதகர் கெபுவேலி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வேதாகமத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவளுக்கு இது பெரிய காரியம்.

வீட்டு இருப்பு: மரவள்ளி ஒரு கூடை, டின் இறைச்சி நான்கு. புயலில் விழுந்த சீமைப்பலா அழுகத் தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரருடைய இன்சுலின் அரைக் குப்பி. ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மிச்சம் ஆஸ்பத்திரியோடு கடலுக்குப் போயிற்று.

சனிக்கிழமை படகு வருகிறதாம். தலைநகர் நுகுஅலோபாவிலிருந்து நர்ஸ் லவீனியாவுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். மருந்தும் அதில் வருகிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஊசி அளவைக் குறைத்துக்கொள்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்து. குப்பி எவ்வளவு இறங்குகிறது என்று நான் பார்க்க மாட்டேனா?

பிப்ரவரி 7, சனி

விடிந்ததிலிருந்து ஊர் ஆண்கள் எல்லாரும் படகுத்துறையில். பொழுது சாய்ந்து திரும்பினார்கள். படகு வரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது படகு வந்தது!

யாரும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு விறகுகூடப் பிளக்க மாட்டோம். கோயில் உடுப்பும், மரியாதைக்கு இடுப்பில் சுற்றிய பாயுமாகத் துறையில் நின்று பார்த்தோம்.

"என்னப் பார்த்து மூஞ்சியத் தூக்காதீங்கப்பா!" என்று படகுக்காரர் சோகாய் கத்தினார். "படக வாடகைக்குப் பிடிச்ச நிவாரண ஆபீஸ் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவங்களுக்கு இன்னிக்குத்தான் சனிக்கிழமை!"

"அப்ப அந்தப் பக்கமே போய் இறக்கு!" என்றது ஒரு குரல். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

உணவும் மருந்தும் இறக்கலாம், அது இரக்கத்தின் வேலை, மற்றது கூடாது என்றார் போதகர். அரிசி இறங்கியது. மருந்தைக் காணோம், சோகாயைக் கேட்டேன்.

"அது அடியில இருக்கு அக்கா. மேல சிமெண்டு, அதுக்கு மேல தகரம்."

"மருந்தப் போயி யாராவது அடியில வைப்பாங்களா?"

"ரொம்ப அவசரம், முதல்ல ஏத்துன்னாங்க. முதல்ல ஏத்துனோம்."

சிமெண்டு முழுவதையும் இறக்கினால்தான் பெட்டி கைக்கு வரும். மத்தியானம் தாண்டிவிடும். எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். சபை மூப்பர் இவர்தானே, மருந்தும் இவருடையது.

கோலை ஊன்றி எழுந்தார். "என் ஒருத்தன் ஊசிக்காக ஓய்வுநாள்ல ஊரே சிமெண்டு சுமக்கணுமா? சோகாய், எப்போ திரும்புவ?"

"வடக்குத் தீவெல்லாம் முடிச்சிட்டு செவ்வாய்க்கிழமை, மூப்பரே. மிச்சத்த அப்ப இறக்கிடறேன்."

"செவ்வாக்கிழம வரைக்கும் சாக மாட்டேன், பயப்படாத. ரெண்டாவது மணி அடிக்கப் போறாங்க, வாங்க எல்லாரும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன்.

ஜெபம் அவர்தான் செய்தார், நன்றாக இருந்தது. பாட்டுக்கு நடுவே படகு கிளம்பும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

வடக்கே கடல் கொந்தளிப்பு. படகு வரவில்லை. நேற்றோடு குப்பி காலி.

பிப்ரவரி 11, புதன்

வயர்லெஸ்ஸில் லவீனியா கெஞ்சிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். "உங்க தீவுக்கு மருந்து எட்டாந்தேதியே போயிடுச்சுன்னு இங்க இருக்கே" என்றான் நுகுஅலோபாவில் வயர்லெஸ் எடுத்த பையன்.

"வந்துச்சு. வந்து திரும்பிப் போயிடுச்சு."

"அப்ப படகுலதான் இருக்கு. படகு வந்துரும். ஒரே சாமானுக்கு ரெண்டு தடவை எப்படிங்க அனுப்பறது?"

அவன் மரியாதையாகத்தான் பேசினான். அவன்மேல் என்ன குற்றம்?

பிப்ரவரி 12, வியாழன்

தண்ணீர் தண்ணீர் என்கிறார். குடித்ததெல்லாம் வாந்தி. மூச்சில் அழுகிய பழ வாடை. லவீனியா என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

ஆண்டவரே, சிமெண்டுதானே. வெறும் சிமெண்டு. நானே தூக்கியிருப்பேனே. ஏன் வாயத் தொறக்காம நின்னேன்? பெருமைப்பட்டுக்கிட்டு நின்னேனே — தூக்கியிருந்தா நீர் கோவிச்சிருப்பீரா? சொல்லும். கோவிச்சிருப்பீரா?

பிப்ரவரி 13, வெள்ளி

என் லோபெட்டி விடியுமுன் போய்விட்டார்.

பிப்ரவரி 14, சனி

அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது படகு வந்திருக்கிறது. சோகாய் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நடந்தே வந்தார். கறுப்பு உடுப்புகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்தத் தடவ அடியில வைக்கல அக்கா. என் மடியிலயே வெச்சிருந்தேன்."

வாங்கிக்கொண்டேன். திட்ட வேண்டும் என்றிருந்தது, சாப்பிட்டுப் போங்கள் என்றேன். பெட்டியை லவீனியாவிடம் கொடுத்தேன். மேற்குக் கரையில் அதே வியாதிக்காரி ஒருத்திக்கு ஆகும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நிவாரண அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்து கூடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். சின்னப் பெண், வெயிலில் சிவந்துபோன முகம்.

"அனுப்பினதெல்லாம் வந்து சேர்ந்துச்சாம்மா?"

"சேர்ந்துச்சு."

"ஏதாவது குறைஞ்சுதா?"

"சாமான் ஒண்ணும் குறையல."

சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். கணக்கில் பொய் சொல்ல எனக்கு வராது. அவள் சாமானைத்தான் கேட்டாள்.

சாயங்காலம் போதகரே வந்து மணலும் சிமெண்டும் குழைத்தார். ஆள் அனுப்பியிருக்கலாம், தானே வந்தார். தண்ணீர் நான் ஊற்றிக் கொடுத்தேன்.

வரவு: சிமெண்டு மூன்று மூட்டை, தண்ணீர்த் தொட்டி கட்ட.

செலவு: தொட்டிக்கு ஒன்று. கல்லறைக்கு இரண்டு.