சாம்பல் கிளியின் சீழ்க்கை

மார்ச் 4, திங்கள்
எங்கள் பறவைக் குழுவின் செயலாளன் இம்புகா ஓடைக்கரையில் நான் எடுத்த சாம்பல் கிளியின் ஒலிப்பதிவை ஏற்கவில்லை. இந்தக் காட்டில் சாம்பல் கிளியை யாரும் பார்த்துப் பல வருடம் ஆகிறதாம். ஐந்து நொடிச் சீழ்க்கையை நம்பிப் பட்டியலில் ஏற்ற முடியாதாம். "பெரியவரே, உங்க காது பழைய காது." டீக்கடையில், எல்லார் முன்னாலும்! எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்தது என்று சொன்ன மட்டாட்டு வேன் டிரைவர் காது இது.

மார்ச் 5
காதை நம்பவில்லையா, கண்ணை நம்பட்டும். மகள் விட்டுப்போன மடிக்கணினியில் ஒலி மென்பொருளை ஏற்றி, குரலைப் படமாக்குகிறேன். ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, சத்தம் கூடினால் கறுப்பு. யாரும் கற்றுத்தரவில்லை. கிளியின் கோடு அரிவாள் போல வளைந்து ஏறிச் சட்டென்று விழுகிறது.
மனைவி காயேசா எட்டிப் பார்த்தாள். "இது என்ன, அடிப்பிடிச்ச உகாலிக் களிச் சட்டியா?"

மார்ச் 7
சுருதியைத் தெளிவாக்கினால் நேரம் மங்குகிறது. நேரத்தைத் தெளிவாக்கினால் சுருதி மங்குகிறது. இரண்டையும் சேர்த்துத் தரமாட்டேன் என்கிறது. பிடிவாதம் பிடித்த கருவி.

மார்ச் 9
இம்புகாவுக்குப் படத்தை அனுப்பினேன். பதில் வந்தது: "கோடு அழகா இருக்கு. முன்னாலயும் பின்னாலயும் ஏன் வெட்டினீங்க? முழுசா அனுப்புங்க."
வெட்டினேனாம்! காற்றிரைச்சலைத்தானே நீக்கினேன். அனுப்பமாட்டேன்.

மார்ச் 10
அனுப்பவில்லை.

மார்ச் 12
மிச்சமெல்லாம் வெறும் காற்றுதான் என்று காட்ட முழுப் பதிவையும் படமாக்கினேன். காற்று அடியில் கறுப்பாகக் கிடந்தது. அதற்கு மேலே கிளியின் வளைவு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு — இரண்டு ஏற்றம், ஒரு இறக்கம். இது என்ன? காற்றை நீக்கிவிட்டுக் கேட்டேன்.
என் சீழ்க்கை. நாயைக் கூப்பிட நான் அடிப்பது! பதிவு செய்த அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லையே. நாயும் வீட்டில் கட்டிக் கிடந்தது.
எல்லாம் அந்த வெள்ளையுச்சிக் குருவியின் வேலை. கண்டவர் குரலையும் திருடிப் பாடுகிற களவாணி. கிளியாகப் பாடினதும் அதுதான், நானாகப் பாடினதும் அதுதான்.
"உங்களைவிட நல்லா அடிக்குது" என்று காயேசா நாள் முழுக்கச் சிரித்தாள்.

மார்ச் 13
அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகுது? இம்புகாகிட்ட சொன்னா டீக்கடை முழுக்கச் சிரிக்கும்.

மார்ச் 14
முழுவதையும் அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "பாடியது கிளி இல்லை, குருவி. ஆனால் தினமும் ஓடைக்கரையில் நிற்கிற என்னிடமிருந்துதான் என் சீழ்க்கையைக் கற்றது. அப்படியானால் கிளியின் சீழ்க்கையை யாரிடம் கற்றது?"

மார்ச் 16
இம்புகா போன் செய்தான். "கூண்டுக் கிளிகிட்ட கத்துக்கிட்டிருந்தா?"
"இந்தச் சுத்துவட்டாரத்துல யார் வீட்டுல கூண்டு இருக்கு? சொல்லுடா."
"நாளைக்குக் காலையில வரேன், பெரியவரே. நாயைக் கூட்டிட்டு வராதீங்க."

மார்ச் 17, ஞாயிறு
கிளி வரவில்லை. குருவி மட்டும் பாடியது. நாங்கள் ஓடைக்கரையில் உட்கார்ந்தே இருந்தோம்.
பட்டியலில் சாம்பல் கிளியின் பெயர்மேல் கிழித்திருந்த கோட்டை இம்புகா அழித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். "திருப்திதானே?" என்றான்.
இல்லை என்றேன். அடுத்த ஞாயிறும் வருகிறான்.