அகற்றலாம், அகற்றும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. லஸ் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். துணி காயவில்லை.

வக்கீல் சு. ஆபீசிலிருந்து கட்டு வந்தது. சோலார் கம்பெனிக்கு நிலக் குத்தகைப் பத்திரம். இருபத்தெட்டு வருடம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, பன்னிரண்டு பேர் நிலம். ஆங்கிலம் 41 பக்கம், கூடவே கம்பெனி ஆளே எழுதிய தமிழ். 'சரியான மொழிபெயர்ப்புன்னு உங்க முத்திரை வெச்சா போதும் மேடம்.' சுலபமான வேலை என்று நினைத்தேன்.

நவம்பர் 5, புதன்

26ஆம் பிரிவு வரை எழுத்துப் பிழைகள்தான். 27: குத்தகை முடிந்தபின். சோலார் பலகை, கம்பி, கான்கிரீட் தூண் எல்லாவற்றையும் கம்பெனி தன் விருப்பப்படி 'அகற்றலாம்'. ஆங்கிலத்தில் இருப்பது இது. தமிழில், 'அகற்றி, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கும்'. மூன்று தடவை படித்தேன். ஆங்கிலத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும். அந்த வரியே தமிழில் இல்லை.

கைதவறி நேர்ந்த பிழை இரண்டு இடத்திலும் கம்பெனி பக்கமே சாயுமா?

வக்கீலுக்கு போன்.

'ஒரு வார்த்தைதானே மேடம். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு நடக்கப்போறது.'

'சட்டம் என்ன சார் சொல்லுது?'

'பலகைக்கு மின்கழிவு விதி இருக்கு. அதுவும் தயாரிச்சவங்க பாடு. தூணைப் பிடுங்கி நிலத்தைப் பழையபடி தரணும்னு தனிச் சட்டம் எதுவும் இல்ல. பத்திரத்துல இருக்கறதுதான்.'

அப்படியானால் அந்த ஒரு வார்த்தைதானே நிலத்துக்காரர்களுக்குச் சட்டம். சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. பால், மாத்திரை, கேஸ் பதிவு.

நகலெடுக்கக் கொடுத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு ஜெராக்ஸ் கடை பாபு, 'இன்னாக்கா, இதுவா? போன வாரமே கம்பெனிக்காரங்க பன்னெண்டு செட் எடுத்துக்கினு போனாங்களே.'

'இங்கிலீஷுமா?'

'இல்லக்கா. தமிழ் மட்டும்தான்.'

ஊரில் எல்லோரும் தமிழைப் படித்து நிம்மதியாக இருப்பார்கள். கையெழுத்துப் போடுவது ஆங்கிலப் பத்திரத்தில்.

நில உரிமையாளர்களில் ஒருவர் முகவரி மட்டும் தி. நகர். பேச்சியம்மாள், பாத்திரக் கடை. வக்கீல் தந்த காகிதத்தை வெளியில் காட்டக் கூடாது. இத்தனை வருடத்தில் காட்டியதில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போடப்போகும் பத்திரம் இது. அவரிடமே மறைக்க இதில் ரகசியம் என்ன?

நவம்பர் 8, சனி

தி. நகர். கால் வைக்க இடமில்லை. பேச்சியம்மாளுக்கு அறுபது இருக்கும். குக்கருக்கு விலை சொல்லிக்கொண்டே கேட்டார். 27ஐத் தமிழில் சொன்னேன்.

'எடுக்கலாம்னா, எடுக்காமலும் போகலாம்?'

'ஆமாம்மா.'

'தூணு ஆறடி ஆழம்னு ஏஜெண்டு சொன்னான். அதை யாரு தோண்டி எடுக்க? எம் பேரனா?'

குரல் உயரவில்லை. குக்கரைக் கீழே வைத்துவிட்டார். 'திங்கக்கிழமை கையெழுத்து. நீங்க வந்து இதையே எல்லாருக்கும் வாசிப்பியளா?'

வருகிறேன் என்றேன். பஸ்ஸில் 27ஐ மறுபடி படித்தேன். கோபம். கொஞ்சம் பயமும்.

நவம்பர் 10, திங்கள்

வக்கீல் ஆபீஸ். ஊரிலிருந்து வேனில் பதினொரு பேர். கம்பெனி ஆள் முத்திரை கேட்டார். வைக்க மாட்டேன் என்றேன். 27ஐயும் கடைசிப் பக்கத்தையும் ஆங்கிலத்திலிருந்து நேராகத் தமிழில் வாசித்தேன்.

'மேடம், உங்க வேலை அது இல்ல' என்றார் வக்கீல்.

'இதுக்குத்தானே சார் கூப்பிட்டீங்க.'

பேச்சியம்மாளின் தம்பி தலையைக் குனிந்துகொண்டே, 'வாக்கு குடுத்தாச்சுக்கா' என்று கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே ஏழு பேர். அவர்கள் மேல்கூடக் கோபம் வந்தது. இரண்டு வருடமாக மழை பொய்த்த நிலம் என்று காதில் விழுந்தபின் அடங்கியது.

பேனா பேச்சியம்மாளிடம் வந்தது. வாங்கவில்லை. 'அகற்றும்னு எழுதுங்க. தூணையும் சேத்து எழுதுங்க. பெறகு போடுதேன்.' அவர் பக்கத்தில் இருந்த மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

இனி இந்த ஆபீஸிலிருந்து எனக்கு வேலை வராது என்று வக்கீல் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் கம்பெனி ஆள், போனில், மெதுவாக:

'இல்ல சார். ரோட்டுலேர்ந்து உள்ள போற பாதையே அந்தம்மா நிலத்துலதான் இருக்கு. மாத்தி எழுதித்தான் ஆகணும். எல்லாருக்கும் ஒரே பத்திரம் சார், பன்னெண்டு பேருக்கும்தான் மாறும்.'