மடங்காத கால்

காலையிலிருந்து தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுகிறார்கள். கடப்பாரை கல்லில் மோதும் சத்தம் ஓயவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பட்டு நூல் வராமல் தறிகள் நின்ற அந்தக் கோடையில் நாம் இருவரும் கூலிக்குப் போனோம். ஊருக்கு வெளியே மேட்டில் தொல்லியல் துறையினர் பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மண் சுமக்கும் வேலை. சிறு வயதுக் காய்ச்சலில் உன் வலது முழங்கால் மடங்காமல் போயிருந்ததால், உனக்கு நிழலில் பானை ஓடு கழுவும் வேலை. காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

ஒருநாள், கற்பலகைகளால் பெட்டிபோல் கட்டிய குழி ஒன்று திறந்தது. அதிகாரி உன்னைக் கூப்பிட்டு எலும்பைக் காட்டினார்.

"பாருப்பா, இவருக்கும் மூட்டு ஒட்டிப்போயிருக்கு. சின்ன வயசுலயே ஒட்டியிருக்கணும். ஆனா பல்லு தேய்ஞ்சு, கிழவராகித்தான் செத்திருக்காரு. யாரோ கடைசி வரைக்கும் சோறு போட்டிருக்காங்க."

நீ சிரித்தாய். "திட்டிக்கினே போட்டாங்களோ என்னமோ. அது எலும்புல தெரியுமா சார்?"

அவரும் சிரித்துவிட்டுக் குழியின் ஓரத்தைக் காட்டினார். மற்ற குழிகளில் எல்லாரையும் கால் மடக்கித்தான் வைத்திருந்தார்கள். இவருக்கு மட்டும் ஒரு பலகையைத் தள்ளி நட்டு, நீட்டிய காலுக்கு இடம் விட்டிருந்தார்கள். அன்று மாலை சைக்கிளில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது சொன்னாய்: "நம்ம ஜனத்த சம்மணம் போட்டு உக்கார வெச்சுத்தானடா பொதைப்பாங்க. என் கால ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லு. இப்டியே நீட்டி வெச்சுடு."

அதைக் கேட்டு எனக்கு வியப்பில்லை. உன் வீட்டை எனக்குத் தெரியாதா? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைச் சுற்றிக் கொடுப்பது நீ. அதே பாவைத் தெருவில் நீட்டிக் கட்டும் காலையில், சகுனம் சரியில்லை என்று உன்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார் உன் அண்ணன்.

நீ செத்துப்போன அன்று, குழி வெட்டும்போது உன் அண்ணனிடம் கெஞ்சினேன். "ஒரு மொழம் கூட வெட்டினா போதும்ணே. நானே வெட்டறேன்."

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "கால நீட்டிக்கினு போனா, வம்சத்துல பொறக்கறதெல்லாம் நொண்டியா பொறக்கும்பா. கல்யாணத்துக்குப் பொண்ண வெச்சிக்கினு இருக்கேன்."

இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள, கடப்பாரையின் மொண்ணை முனையால் உன் முழங்காலை அடித்தார்கள். விறகு முறிகிற சத்தம்தான். பிறகு சம்மணம் கட்டி, திருநீறு பூசி, மாலை போட்டார்கள். "இப்பதான் லட்சணமா இருக்கான்" என்றார் அண்ணன். தூ! காரியத்தன்று வடை ஆறிவிட்டது என்று கோபித்துக்கொண்டதும் அதே வாய்தான். அந்த வீட்டில் நான் இன்றுவரை தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அதிகாரி அன்று இன்னொன்றும் சொன்னார். உயிரோடு இருக்கையில் முறிந்த எலும்பு கூடி வளரும். செத்தபின் முறித்தது முறித்தபடியே கிடக்கும். எத்தனை காலம் கழித்துப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாமாம். அதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என்றோ ஒருநாள் யாராவது உன்னையும் தோண்டி எடுப்பார்கள். யாரோ ஒருவர் நிழலில் உட்கார்ந்து உன் முழங்காலைக் கழுவுவார்.

எலும்பில் தெரியுமா என்று கேட்டாயே, தெரியும்.