லாபம், இரண்டு, மூன்று

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பத்து நாளைக்கு முன்னால், கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, என் வாயிலிருந்து எண்கள் போய்விட்டன. நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

லாரிக்காரர் ஒருவர் தார்ப்பாய் விலை கேட்டார். மனசில் ஆயிரத்து இருநூறு பளிச்சென்று நிற்கிறது. வாய் எட்டு என்கிறது. நைலான் கயிறு எத்தனை மீட்டர் என்றார். எட்டு. எத்தனை மணிக்குக் கடை சாத்துவீர்கள்? அதற்கும் எட்டு. என்ன முதலாளி, எட்டைத் தவிர வேற சரக்கே இல்லையா என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில், மூளை ரத்தக் குழாயில் சின்ன அடைப்பாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மறுபடி வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாதுங்க என்றார். தார்ப்பாய்க்கே நான் இரண்டு வருஷ உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறேன்!

போனை எடுக்காமல் இருந்தது இதனால்தான். என்ன சாப்பிட்டீங்க, எத்தனை இட்லி என்று நீ கேட்பாய். என் குட்டு வெளிப்பட்டுவிடும். மெசேஜைத் திறக்க உனக்குத் தெரியாது, பிரசவத்துக்குத் துணையாக நீ போயிருக்கும் மகள்தான் திறந்து படித்துக் காட்டுவாள். அசையாமல் படுக்கச் சொல்லியிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு இது தெரியக் கூடாது. படித்ததும் பெட்டிக்கு அடியில் வைத்துவிடு.

விலையை அட்டையில் எழுதிக் காட்டி வியாபாரம் ஓடுகிறது. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். என் பயம் வியாபாரம் இல்லை. ஏதாவது ஆகி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், கதவு எண் கேட்பார்கள். நம் வீடு இருபத்து மூன்று. நான் எட்டு என்பேன். எட்டாம் நம்பர் வாத்தியாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முகவரியை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வீட்டுக் கதவை இப்போதெல்லாம் தாழிடுவதில்லை.

மூன்றாம் நாள் கயிற்றுச் சுருள்கள் வந்து இறங்கின. சரக்கு எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பேனே, அப்ப நஷ்டத்துக்கு என்ன நம்பர் என்று நீ கிண்டல் செய்வாயே, அதே பழக்கத்தில் முதல் சுருளைத் தொட்டு லாபம் என்றேன். இரண்டு வந்தது. மூன்று வந்தது. ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக எட்டு வரைக்கும் வந்து, அங்கே மாடு மாதிரி படுத்துக்கொண்டது. மறுநாள் ஒரே ஒரு சுருள் கூடுதலாக எண்ணுவது என்று எனக்கு நானே பேரம் பேசினேன். ஒன்பது வந்ததும் அந்தச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. தினம் ஒன்று, இன்றைக்குப் பதினைந்து.

நீ வர வேண்டாம். சும்மா தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேண்டாம்னு நீங்க எழுதினா வேணும்னு அர்த்தம், முப்பது வருஷமா உங்களோட குப்பை கொட்டுறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதம் போட்ட மறுநாள் காலையில் தலை லேசாகச் சுற்றியது. சுருளைத் தொட்டால் பழையபடி எட்டோடு நின்றுவிட்டது. சேர்த்ததெல்லாம் ஒரே ராத்திரியில் களவு போன மாதிரி. கிடங்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் ஓடினேன், புதிதாக ஒன்றும் இல்லை என்றார். திரும்பி வந்து, நாளைக்கு ஒன்பது மட்டும் போதும் என்று என்னிடமே கெஞ்சினேன். ஒன்பது வந்தது. அப்புறம் தினமும் ஒன்று. பதினைந்தைத் தாண்டிய அன்று உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

நேற்று நம் வீட்டு வாசலில் நின்று, லாபத்திலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து, கடைசி எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். இருபத்து மூன்று. கேட்க நாதியில்லை. ஆனாலும் சரியாகச் சொன்னேன். பயம் போகவில்லை, பயத்தோடேயே எண்ணப் பழகியிருக்கிறேன்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

நீ வராமலிருக்கப் போட்ட நிபந்தனைகளைப் பார்த்தேன். கொள்முதலுக்கு உன்னை அனுப்பியிருக்க வேண்டும். போன் வரத் தாமதமானால் அரை மணியாவது பொறுப்பாய் என்று பார்த்தால், பத்து நிமிஷத்துக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிறாய். சரி, பேரம் படிந்தது: மாலை ஆறு மணிக்கு நான் போன் செய்ய வேண்டும், நீ கேட்கும் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது, மாற்றுச் சாவி எட்டாம் நம்பர் வாத்தியாரிடம், நான் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டும், ஆறு பத்துக்குள் போன் வராவிட்டால், அடுத்த வண்டியில் நீ.